அணில் வாலும் ஐந்து சீட்டும்

ஒரு காட்டில் அணிலும் நரியும் குரங்கும் இருந்தன. மழைக்காலம் நெருங்கிவிட்டது, வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆனால் குரங்கு எங்கிருந்தோ ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுவந்துவிட்டதே! வேலையாவது, ஒன்றாவது!

“போக்கர் ஆடலாமா தங்கச்சி?” என்று அணிலைக் கேட்டது நரி.

“எனக்குத் தெரியாதே நரியண்ணே!”

“அட, இதுல என்ன இருக்கு! ஆளுக்கு அஞ்சு சீட்டு. ஒரே மாதிரி சீட்டு அதிகமா சேர்ந்தா ஜெயிச்சாச்சு. பிடிக்காத சீட்டை ஒரு தடவை மாத்திக்கலாம். பந்தயமா கடலையை நடுவுல வைக்கணும். ஒருத்தர் ஏத்துனா இன்னொருத்தரும் ஏத்தணும். பயமா இருந்தா சீட்டைக் கவிழ்த்துடலாம். ஆனா வச்சது போச்சு!”

அணிலுக்குக் குஷி தாங்கவில்லை. ஆடியது, தோற்றது. மறுபடி ஆடியது, மறுபடி தோற்றது! அணிலுக்கு நல்ல சீட்டு வந்தால் நரி உடனே கவிழ்த்துவிடும். மட்டமான சீட்டு வந்தால் ஏற்றிக்கொண்டே போகும். குட்டிகளுக்கென்று சேர்த்த கடலையெல்லாம் நரிப் பக்கம் குவிந்தது. பொந்தில் ஒரு பிடிதான் மிச்சம்.

அதை எடுக்க அணில் மரமேறியது. நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“நல்ல சீட்டு வந்தா அதோட வால் நிமிருது, மோசமான சீட்டு வந்தா தொங்குது! நான் சீட்டையா பார்க்கிறேன்? வாலைத்தானே பார்க்கிறேன்!” என்று குரங்கிடம் பீற்றிக்கொண்டது.

மேலே அணிலின் காதில் அத்தனையும் விழுந்தது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கடைசி ஆட்டம். அணிலுக்கு வந்ததெல்லாம் குப்பை! வால் தானாகத் தொங்கியது. நரி தன் குவியல் மொத்தத்தையும் நடுவில் தள்ளியது.

அணில் இரண்டு சீட்டை மாற்றியது. வந்தது அதைவிடக் குப்பை! ஆனாலும் வாலை விளக்குமாறு மாதிரி விறைப்பாகத் தூக்கியது.

“இந்தக் கடலையோட என் பொந்தையும் வைக்கிறேன்! நீங்க உங்க குகையை வைங்கண்ணே!”

நரியிடம் மூன்று ராஜா இருந்தன. ஆனால் அந்த வால்! நரிக்கு வேர்த்துக் கொட்டியது.

“ஐயோ, எனக்கு வேண்டாம்டா சாமி!” என்று சீட்டைக் கவிழ்த்தது.

அணில் தன் சீட்டை விரித்துக் காட்டியது. ஒன்றோடு ஒன்று சேரவில்லை! கிளையிலிருந்து வேடிக்கை பார்த்த குரங்கு, சிரித்த சிரிப்பில் கீழே விழுந்தது.

“வால் பொய் சொல்லுமா?” என்று நரி அலறியது.

“இன்னிக்குத்தான் கத்துக்கிச்சு அண்ணே!”

“இன்னும் ஒரே ஒரு ஆட்டம்!” என்று நரி கெஞ்சியது. அணில் திரும்பியே பார்க்கவில்லை. கடலையைக் குட்டிகளிடம் சுமக்கும் வேலையில் இறங்கிவிட்டது.

ஜெயிக்கும் வழியைப் பெருமைக்காக ஊரறியச் சொல்கிறவர், ஜெயித்ததையும் சேர்த்துத் தோற்பார்.