அடித்துத் திருத்திய விண்ணப்பம்

நிறையப் படித்தவர்களே இந்த வழக்கில் கொஞ்சம் திணறித்தான் போனார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள், பார்ப்போம்.

தென்காசிப் பக்கத்துப் பெண் ஆவுடைச்செல்வி. அப்பா நயினார் மினிபஸ் ஓட்டுகிறவர். நர்சிங் படிப்பின் இரண்டாம் வருடத்தில் அவளுக்கு மனச்சோர்வு நோய் வந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, உயிரோடு இருப்பதே பாரமாகிவிட்டது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டாள். தேறினாள். தேறியது மட்டுமா? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின் இரண்டு வருடம் ஒரு நாள்கூட வார்டு டியூட்டி தவறவில்லை. ‘வேலைக்கு முழுத் தகுதி உண்டு’ என்று வைத்தியம் பார்த்த டாக்டரே கடிதம் கொடுத்தார்.

படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது. நர்சிங் கவுன்சில் தரும் பதிவு எண் ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது. விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி இது: மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா?

“இல்லைன்னு எழுதும்மா,” என்றார் நயினார். “ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமாக்கும்? நாலு வருசப் பாடு வீணாப் போயிரும்.”

அப்பாவின் பயம் அவளையும் பிடித்துக்கொண்டது. ‘இல்லை’ என்று எழுதிவிட்டாள். அவர் நிம்மதியாக வண்டி எடுக்கப் போனார். இவளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. உறையை ஒட்டப் போனவள், மறுபடி பேனாவை எடுத்தாள்.

வேறு யாராக இருந்தாலும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் படிவம் வாங்கியிருப்பார்கள். இவள் கை வார்டில் பழகிய கை. நோயாளியின் குறிப்பில் தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. பழசு தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் நேரமும் போட வேண்டும். அப்படியே செய்தாள். ‘ஆம்’ என்று எழுதி, டாக்டர் கடிதத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

பதிவுக் குழு அவளைக் கூப்பிட்டு அனுப்பியது. அப்பாவும் கூடப் போனார். அடித்திருந்ததை நயினார் அங்கேதான் பார்த்தார்.

குழுவில் இருந்த மூத்த டாக்டர் முதலில் சொன்னார்: “வந்த நோய் திரும்பவும் வரலாம். நோயாளிகளின் உயிர் விஷயம். இரண்டு வருடம் பொறுக்கட்டும்.”

அடுத்தவர் அலுவலர். நல்ல மனுஷன். “முதலில் எழுதின பொய் ஃபைலில் இருந்தால் காலத்துக்கும் கெட்ட பெயர். புதுப் படிவம் தருகிறேன், நேரடியாக ‘ஆம்’ என்றே எழுதும்மா. இதைக் கிழித்துவிட்டு இன்றைக்கே எண் தந்துவிடலாம்.”

நயினார் கையெடுத்துக் கும்பிட்டார். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், “வேண்டாம் சார்,” என்றாள். “பொய் எழுதினதும் நான்தான், அடிச்சதும் நான்தான். இதுவே இருக்கட்டும்.”

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?” என்றுவிட்டார் நயினார். சொன்ன பிறகுதான் உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குழுவில் மூன்றாமவர், முப்பது வருடம் வார்டு பார்த்த நர்சிங் சூப்பிரண்டு அம்மாள். “இந்தத் தாளை வைத்தே எண் கொடுங்கள்,” என்றார்.

டாக்டரா, அலுவலரா, சூப்பிரண்டு அம்மாளா? இவர்களில் யார் சொன்னது சரி? மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: சூப்பிரண்டு அம்மாள் சொன்னதே சரி. டாக்டர் பார்த்தது பழைய நோயை. கடிதமும் இரண்டு வருட டியூட்டியும் சொன்னது இன்றைய செல்வியை. அலுவலரின் இரக்கத்தில் குறையில்லை. ஆனால் தன் தவறைத் தானே கண்டு, மறைக்காமல் திருத்துகிறவள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை அவர் கிழிக்கப் பார்த்தார். மருந்து மாறிப்போனால் ஓடிவந்து சொல்கிற நர்ஸ்தானே நமக்கு வேண்டும்? குழு ஒப்புக்கொண்டது, எண் வந்தது. பிறகொரு நாள் மினிபஸ்ஸில் ஏறிய சொந்தக்காரர் ஒருவர், “மவளுக்கு என்னமோ சுகமில்லைன்னாங்களே?” என்று நயினாரிடம் குசுகுசுவென்று கேட்டார். நயினார் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: “ஆமா, மனசுக்குச் சுகமில்லாம இருந்தா. வைத்தியம் பாத்தோம். இப்ப அவ ஊருக்கே ஊசி போடுதா.”