பதினாறாவது பேனாக் கட்டை

"இந்த அக்ரிலிக்குக்கு என்னைக் கண்டாலே ஆகலீங்க அம்மிணி."

தணிகாசலம் டிபன் டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார்.

எல்லாம் உடைந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் துண்டுகள். நீலம், மாம்பழ மஞ்சள், முத்து வெள்ளை. பதினாலு பேனாக்களாக ஆகியிருக்க வேண்டியவை.

சகாயமேரி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு முப்பத்துநாலு வயது. கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தாள். அவள் கடையும் பேனாக்களைத் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அவள் பேச்சைத் தேடி யாரும் வந்ததில்லை.

தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றதும் சின்ன லேத் ஒன்று வாங்கி வீட்டுக் கார் ஷெட்டில் வைத்துக்கொண்டார். கார் கிடையாது.

"கத்துக்கொடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேனா ஆகணும்."

"வெள்ளிக்கிழமை என்னங்கய்யா?"

"வீட்டுக்காரி எங்க பேரூராட்சியில வார்டு மெம்பர் ஆயிட்டா. எட்டு ஓட்டுல ஜெயிச்சுப்போட்டா. பதவியேத்துட்டு அவ போடற மொத கையெழுத்து நான் கடைஞ்ச பேனாவுலதான்னு சொல்லிப்போட்டேன்."

"யாருகிட்டங்க?"

"எல்லாருகிட்டயும்."

மேரி கையை நீட்டினாள்.

"உங்க உளியக் காட்டுங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "வாசல் போர்டுல 'கடைச்சல்'னு போட்டிருக்கீங்க. 'கடைசல்'தான் சரி. ச் வராது" என்றார்.

அவள் உள்ளே போனாள். தக்காளி ஒன்றோடு திரும்பி வந்தாள். அதையும் உளியையும் அவர் முன்னால் வைத்தாள்.

"நறுக்குங்க."

நறுக்கினார். தக்காளி அறுபடவில்லை, நசுங்கியது. பாதி அவர் சட்டையில் இருந்தது.

"கடைசியா எப்பங்க சாணை புடிச்சீங்க?"

"வாங்கறப்பவே கூராத்தானுங்களே இருந்துச்சு?"

அன்று முழுக்க அவர் சாணைக்கல்லின் முன்னால் நின்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தக்காளியின் தோல் உளி பட்டதும் சத்தமில்லாமல் விலகியது. அதற்கு முன் ஒன்பது தக்காளி போயிருந்தது.

"நாளைக்கு வாங்க" என்றாள் மேரி.

மறுநாள் பதினைந்தாவது அக்ரிலிக் கட்டை. நல்ல கத்தரிப்பூ நிறம். நடுவில் துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் மாட்டினார்.

பத்து நிமிஷம் அழகாகப் போயிற்று.

பிறகு அவர் கண்ணில் ஒரு மேடு பட்டது. கடுகளவு மேடு. தணிகாசலத்தால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே உளியை வைத்து அழுத்தினார்.

பட்!

ஒரு துண்டு அவர் காதை ஒட்டிப் பறந்து தண்ணீர்க் குடத்தில் பட்டு விழுந்தது.

தணிகாசலம் குறிப்பெடுக்க ஒரு நோட்டைத் திறந்தார். "உளிய என்ன கோணத்துல புடிக்கணும்?"

"நீங்க புடிச்சது சரியான கோணந்தானுங்க."

"வேகம்?"

"வேகமும் சரிதான்."

"அப்பறம் ஏன் தெறிச்சுது?"

மேரி டீ குடிக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாகரத்தினத்தின் கையில் உறுதிமொழித் தாள் இருந்தது.

"தனியா உட்டா தப்பும் தவறுமாப் படிப்பா. அதான் கூட்டியாந்தேன்" என்றார். "நீ படி ரத்தினம். நான் கடைஞ்சுட்டே கேக்கறேன்."

நாகரத்தினம் ஸ்டூலில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள்.

"நாகரத்தினம் எனும் நான்..."

"நிறுத்து. 'எனும்'. அழுத்திச் சொல்லு."

"எனும் நான்... இந்திய நாட்டின் இறையாமை..."

"இறையாண்மை! ஆமையில்ல, ஆண்மை!"

"இறை... இறையா..." அவள் தாளை மடித்தாள். "எனக்கு வராதுங்க. ராஜினாமா பண்ணிப்போடறேன்."

"இன்னும் பதவியே ஏக்கல. என்னத்த ராஜினாமா பண்ணுவே?"

நாகரத்தினத்தின் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நாளைக்கு நான் வல்லைன்னு சொல்லிருங்க. அத்தன பேர் முன்னால என்னால முடியாது."

லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மேரி நிமிர்ந்தாள்.

"ஓட்டுக் கேக்கறப்ப வீடு வீடாப் பேசியிருப்பீங்களேக்கா? அப்ப எப்படி வந்துச்சு?"

"நானூறு வீடு ஏறி எறங்குனேன் கண்ணு. தடையில்லாம வந்துச்சு. அப்ப இவருக்குக் கால் சுளுக்கு. கூட வரல."

தணிகாசலம் குனிந்து உளியைத் துடைத்தார்.

மேரி உள்ளே போனாள். ஒரு ஸ்பூனும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தாள்.

"வாயத் தெறங்கய்யா."

"என்ன அம்மிணி, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மாதிரி..."

அவர் முடிப்பதற்குள் ஸ்பூன் பல்லுக்கிடையில் இருந்தது. எலுமிச்சம்பழம் ஸ்பூனில் இருந்தது.

"பழம் கீழ விழாமக் கடைங்க."

மிச்சமிருந்தது ஒரே கட்டை. பதினாறாவது. தேன் நிறம்.

லேத் சுற்றியது. தணிகாசலம் உளியை வைத்தார். ஒரு மேடு தெரிந்தது. உடனே குனிந்தார்.

பழம் உருண்டு, சுற்றும் கட்டைமேல் விழுந்து, எகிறிப்போய்ச் சுவர் காலண்டரில் மோதியது. அவர் மூக்குக்கண்ணாடி முழுக்கச் சாறு.

திடுக்கிட்டதில் கையைப் பின்னால் இழுத்திருந்தார். அதனால் கட்டை பிழைத்தது.

நாகரத்தினம் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை.

மேரி இன்னொரு பழத்தை வைத்தாள்.

இந்த முறை அவர் நிமிர்ந்து நின்றார். முன்னால் சாய்ந்தால் பழம் ஆடியது. தோளை இறுக்கினால் ஆடியது. மூச்சை இழுத்துப் பிடித்தாலும் ஆடியது. ஒவ்வொன்றாக விட வேண்டியிருந்தது. உளி கட்டையைத் தொட்டது, அவ்வளவுதான்.

மேடு அங்கேயேதான் இருந்தது. பார்த்தார். தாண்டிப் போனார். அடுத்த தடவை வந்தபோது அது கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்கடுத்த தடவை தேட வேண்டியிருந்தது.

உளி முனையிலிருந்து நூல்போலச் சுருள் கிளம்பியது. அறாமல் இடியாப்பம்போல வந்துகொண்டேயிருந்தது.

நாகரத்தினம் எப்போது தாளைப் பிரித்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"நாகரத்தினம் எனும் நான்... இந்திய நாட்டின் இறையாமை..."

தணிகாசலத்தின் கண் அகன்றது. தொண்டையில் "ம்ம்" என்று ஏதோ ஏறிவந்தது. பழம் தள்ளாடியது.

அவர் அசையாமல் நின்றார். பழமும் நின்றது.

"இறை... இறையாண்மை" என்றாள் நாகரத்தினம், தனக்குத்தானே. பிறகு ஒருமைப்பாட்டைச் சொன்னாள். கடமையைச் சொன்னாள். போகப் போகக் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கடை வெல்டர் வாசலில் வந்து நின்று கேட்டார். உறுதி கூறுகிறேன் என்று அவள் முடித்தபோது கை தட்டினார்.

மேரி லேத்தை நிறுத்தினாள். கட்டையின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். எங்கேயும் தெறிக்கவில்லை.

"இனி பாலிஷ் மட்டுந்தானுங்கய்யா."

நாகரத்தினம் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, சரியாச் சொன்னேனுங்களா?"

அவர் பதில் சொல்லட்டும் என்று மேரி ஸ்பூனை எடுக்கக் கை நீட்டினாள்.

தணிகாசலம் ஸ்பூனை விடாமல் கடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.