மூணு நட்சத்திரமும் ஒரு கை ஏலக்காயும்

அந்தக் காலத்துல மாடுங்க பேசும். அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட்டதில்ல. பதில் சொல்ல வேண்டியிருக்கேன்னு சலிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

மலைக்கு மேற்கால, உப்பங்கழி ஓரமா ஒரு யூதத் தெரு இருந்துச்சு. கடல் தாண்டி வந்த ஜனங்க. வந்து எத்தனை தலைமுறை ஆச்சுன்னு அவங்களுக்கே ஞாபகம் இல்ல. ஆனா ஓய்வுநாள் எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுதுங்கிறது மட்டும் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெள்ளிக்கிழமை சூரியன் கழியில இறங்குறதுக்கு முன்னாடி விளக்கை ஏத்திடணும். அதுக்கப்புறம் நெருப்பைத் தொடக்கூடாது, சுமை தூக்கக்கூடாது, மாட்டை வேலை வாங்கக்கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் வானத்துல மூணு நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிஞ்சா ஓய்வுநாள் முடிஞ்சுது.

விளக்கு ஏத்தினதும் விருந்தாளி வரும். கூடுதல் உயிர்னு அதுக்குப் பேரு. ஒவ்வொருத்தருக்கும் இருக்கிற உயிர் போக, அந்த ஒரு நாளுக்கு மட்டும் இன்னொண்ணு. இப்ப அது கண்ணுக்குத் தெரியிறதில்ல. அப்போ தெரியும். கழித் தண்ணிமேல கால் நனையாம நடந்து வந்து, ஜன்னல் வழியா உள்ள இறங்கும். ஓட்டு இடுக்குல விழுற வெயில் மாதிரி இருக்கும். எடை ஒரு குருவி எடை. அது பக்கத்துல உக்காந்துச்சுன்னா சோறு ருசிக்கும், பாட்டு வரும், பக்கத்து வீட்டுக்காரன் மேல இருந்த கோவம் எதுக்குன்னு மறந்துபோகும்.

அந்தத் தெருவுல நப்தலின்னு ஒருத்தர். மலையிலேர்ந்து துறைமுகத்துக்குப் பொதிமாட்டுல ஏலக்காய் மூட்டை இறக்குறவர். அவருக்கு வர்ற விருந்தாளி, அவரை மாதிரியே, சாப்பிட்டதும் தூங்கிடும். மாட்டுக்கும் ஒண்ணு வரும், ஏன்னா ஓய்வு மாட்டுக்கும் உண்டுன்னு அவங்க சட்டத்துலயே இருக்கு. அது சின்னது. வால் பக்கமா உக்காந்துக்கும்.

அவர் சம்சாரம் சிம்காவுக்கு வர்றதுதான் பெருசு. அதுக்கு வேலையும் பெருசு.

ரெண்டு மழைக்கு முன்னாடி அவங்களோட ஒரே மக யாகேல் காய்ச்சல்ல போயிட்டா. ஏழு வயசு. அன்னிலேர்ந்து சிம்கா பேசுறதை நிறுத்திட்டா. சமைப்பா, துவைப்பா, கேட்டதுக்குத் தலையாட்டுவா. குரல் மட்டும் வராது. வெள்ளிக்கிழமை விருந்தாளி வந்து தோள்பக்கம் உக்காந்ததும்தான் வாய் திறக்கும். மீன்ல புளி போதுமான்னு கேப்பா. நப்தலியோட தாடியைக் கிண்டல் பண்ணுவா. மகளைப் பத்திக்கூடச் சிரிச்சுக்கிட்டே பேசுவா. சனிக்கிழமை நட்சத்திரம் தெரிஞ்சதும் விருந்தாளி எழுந்து போகும். சிம்கா பாதி வார்த்தையில நின்னுடுவா. மீதி வார்த்தைக்கு நப்தலி ஆறு நாள் காத்திருக்கணும்.

ஒரு மழைக்காலத்துச் சனிக்கிழமை, வானம் மூடிக்கிச்சு. நட்சத்திரம் ஒண்ணும் தெரியல. தொழுகைக்கூடத்துல முன்னால நின்னு ஜெபம் சொல்ற எலியாசர், நல்லா இருட்டட்டும், அவசரப்படாதீங்கன்னு சொல்லிட்டார். அன்னிக்கு விருந்தாளி ஒரு நாழிகை கூடுதலா இருந்துச்சு. யாகேலுக்கு முதல் பல் விழுந்த கதையை சிம்கா முழுசா சொல்லி முடிச்சா.

அங்கதான் நப்தலிக்கு யோசனை வந்துச்சு. நட்சத்திரத்தைப் பாத்தாத்தானே முடியும்? பாக்கலன்னா?

அடுத்த வாரம் அவர் மலைக்குப் போகல. வீட்டுலயும் தொழுவத்துலயும் இருக்கிற இடுக்கையெல்லாம் தேடித் தேடி அடைச்சார். ஓட்டுக்கு நடுவுல களிமண், கதவுக்குக் கீழ சாக்கு, ஜன்னல் சட்டத்தைச் சுத்தித் தேங்காய் நார். ஓய்வுநாள்ல அடைச்சா அது வேலை ஆயிடும்னு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சார். சட்டத்தை மீறுற ஆள் இல்ல அவர். அதுக்குள்ள கொஞ்சம் வசதியாக் குடியிருக்கப் பாத்தார்.

சாயங்காலம் விருந்தாளி உள்ள இறங்குச்சு. நப்தலி கடைசி ஜன்னலைச் சாத்தினார்.

சனிக்கிழமை முழுக்க நல்லாப் போச்சு. சாயங்காலம் ஆகி, அதுவும் தாண்டிச்சு. கதவைத் தட்டுற சத்தம். எலியாசர்.

"நப்தலி, ஜெபத்துக்கு வரலையா? ஓய்வுநாள் முடிஞ்சாச்சு."

"எனக்கு முடியலையே."

"வெளிய வந்து பாருங்க. வானத்துல மூணு இல்ல, முன்னூறு இருக்கு."

"நான் ஒண்ணையும் பாக்கல," அப்படின்னார் நப்தலி. "பாத்தாத் திறக்குறேன்."

சட்டப்படி எங்க தப்புன்னு எலியாசருக்கு உடனே பிடிபடல. படிச்சுப் பாத்துட்டு வரேன்னு போயிட்டார்.

உள்ள ஓய்வுநாள் நீண்டுகிட்டே போச்சு. விளக்குல எண்ணெய் தீந்து அணைஞ்சுது. மறுபடி ஏத்த முடியாது. ஆனா விருந்தாளியோட வெளிச்சம் இருந்துச்சு. கழித் தண்ணி மேல அசையிற மாதிரி அது சுவத்துல அசைஞ்சுது. வீடே தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி. சிம்கா பேசினா. மகளோட பாவாடை, மக வளத்த ஆமை, அவ தூக்கத்துல சிரிச்சது. நப்தலி பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே தூங்கினார், முழிச்சார், திரும்பக் கேட்டார். அவ்வளவு சந்தோஷமா அவர் இருந்ததே இல்ல.

சுவத்துக்கு அந்தப் பக்கம் தொழுவம். நடுவுல வைக்கோல் தள்ளுறதுக்கு ஒரு ஓட்டை. அது வழியா மாடு, தனக்கு இதுல எந்த ஆட்சேபணையும் இல்லன்னு தகவல் சொல்லுச்சு.

எலியாசர் திரும்ப வந்தார். இந்தத் தடவை குரல் தளர்ந்திருந்துச்சு. தெருவுல ஆம்பளைங்க மொத்தமே பத்துப் பேர், பத்துப் பேர் கூடினாத்தான் ஜெபம், மூணு நாளா ஒன்பது பேர் உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம்னார். மூணு நாளான்னு நப்தலி மனசுக்குள்ள கேட்டுக்கிட்டார்.

அப்புறம்தான் கவனிச்சார். சுவத்துல வெளிச்சம் மங்கியிருந்துச்சு. சிம்கா பல் விழுந்த கதையை நாலாவது தடவையாச் சொல்லிக்கிட்டிருந்தா. அதே வார்த்தை, அதே இடத்துல சிரிப்பு. பானையில மீன் புளிச்சுப் போச்சு. ரொட்டி கல்லாயிடுச்சு.

ஓட்டை வழியா மாடு கூப்பிட்டுச்சு. "எசமான், வால் பக்கம் ஜில்லுன்னு இருக்கு. எனக்கு வந்தது அசைய மாட்டேங்குது. பாத்துக்கங்க."

சிம்கா கதையை நிறுத்தினா. தோள்பக்கம் திரும்பி விருந்தாளியைப் பாத்தா. அது ஒரு நூல் கனத்துக்கு மெலிஞ்சிருந்துச்சு.

"உனக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டா.

"நான் குடம் மாதிரி," அப்படின்னுச்சு அது. "ஒரு நாள் ஊத்துவேன். ஆறு நாள் போய் நிறைச்சுக்கிட்டு வருவேன். போகலன்னா காலிதான்."

"காலியானா?"

"அப்புறம் வர்றதுக்கு யாரும் இல்ல. எந்த வெள்ளிக்கிழமையும்."

சிம்கா எழுந்திரிச்சு ஜன்னல்கிட்ட போனா. நப்தலி குறுக்க வந்து நின்னார்.

"வேண்டாம் சிம்கா. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

"கேட்டீங்கல்ல? செத்துப்போயிடும்."

"திறந்தா நீ பேச மாட்டே. ஆறு நாள். அந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்னு ஒரு தடவையாவது நெனச்சியா? எனக்கும் அவ மகதான். ஒருத்தி போனா. நீ வாரத்துக்கு ஒரு தடவை போறே."

ரெண்டு வருஷத்துல அவர் வாயிலேர்ந்து இது வந்ததே இல்ல. சிம்கா அவரைப் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் அவர் கையை மெதுவா ஒதுக்கிட்டு, நாரைப் பிடிச்சு இழுத்தா. ஒரு கத்தை வந்துச்சு. இன்னொரு கத்தை. பலகையைத் தள்ளினா.

வெளிய மூணு நட்சத்திரம் இல்ல, வானம் முழுக்க இருந்துச்சு. கழியிலயும் அத்தனையும் இருந்துச்சு. விருந்தாளி ஜன்னல் கட்டையில ஏறி ஒரு நிமிஷம் நின்னுது, பழக்கம் விட்டுப்போன ஆள் மாதிரி. அப்புறம் தண்ணிமேல நடந்து போச்சு. அதோட பின்னால நப்தலியோடது கொட்டாவி விட்டுக்கிட்டே போச்சு. கடைசியா மாட்டோட சின்னது.

சிம்கா சரிஞ்சு விழுந்தா.

நப்தலி கூப்பிட்டார், உலுக்கினார், தண்ணி தெளிச்சார். கண்ணு திறக்கல. அத்தனை நாள் அடைச்சு வச்ச விருந்தாளி ஒரே அடியாப் போனதுல, அவளோட சொந்த உயிரும் கூடவே எழுந்து போகப் பாக்குதுன்னு அவருக்குப் புரிஞ்சுது. என்ன செய்யிறதுன்னு தெரியாம தொழுவத்துக்கு ஓடினார். ஏன் அங்க ஓடினார்னு அவருக்கே தெரியாது. பேசுறதுக்கு வீட்டுல மிச்சம் இருந்தது மாடுதான்.

மாடு நிதானமாத்தான் பேசுச்சு. "மலை இறங்கி முட்டி மடங்கி விழுறேனே, அப்போ என்னை எழுப்புறது உங்க தடின்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க."

"இல்லையா?"

"இல்ல. முதுகுல இருக்கிற மூட்டை. அதோட வாசனை மூக்குல ஏறும். வலி ஒண்ணும் குறையாது. ஆனா இன்னும் நாலு அடி நடக்கலாம்னு தோணும்."

நப்தலி தொழுவத்து மூலையில கிடந்த ஏலக்காய் மூட்டை வாயைப் பிரிச்சு ஒரு கை அள்ளினார். ஓடிக்கிட்டே உள்ளங்கையில நசுக்கினார். சிம்காவோட மூக்குகிட்ட பிடிச்சார். ஏலக்காய் வாசனை அந்த அடைஞ்ச வீட்டுக்குள்ள பரவுச்சு. மலைக்காடு, மழை, ஈர மண்ணு எல்லாம் அதுல இருந்துச்சு.

அவ மூச்சை இழுத்தா. இன்னொரு தடவை இழுத்தா. கண்ணைத் திறந்தா.

தோள்பக்கம் யாரும் இல்ல. சாதாரண வார நாள். நப்தலி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தார். அவ உதடு அசைஞ்சுது, நின்னுது, திரும்ப அசைஞ்சுது.

"மாட்டுக்குத் தண்ணி வச்சீங்களா?"

நப்தலிக்குத் தலையாட்டத்தான் முடிஞ்சுது. அழுதுக்கிட்டே தலையாட்டினதால ஆமான்னு சொல்றாரா இல்லன்னு சொல்றாரான்னு தெரியல. சிம்கா அவர் கையைப் பிடிச்சு, அந்த நசுங்குன ஏலக்காயோட, அவர் மூக்குகிட்டயே கொண்டுபோனா.

"நீங்களும் மோந்து பாருங்க," அப்படின்னா. "உங்களுக்கும்தான் போயிருக்கு."

அதுக்கப்புறம் வார நாள்ல சிம்கா நிறையப் பேசினான்னு சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நாலஞ்சு வார்த்தை. அதுலயும் பாதி மாட்டைப் பத்தி. நப்தலிக்கு அது போதுமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை விருந்தாளி நிறைஞ்சு வந்துச்சு, சனிக்கிழமை ஜன்னல் திறந்தே கிடந்துச்சு. எலியாசருக்குப் பத்தாவது ஆள் கிடைச்சார். நடந்ததைக் கேட்டுட்டு, இதைச் சட்டத்துல எங்க சேக்குறதுன்னு அவர் ரொம்ப நாள் யோசிச்சார்.

தெரு யோசிக்கல, செய்ய ஆரம்பிச்சுடுச்சு. அன்னிக்குத் தொடங்குன வழக்கம்தான் இது. இன்னிக்கும் யூத வீடுகள்ல சனிக்கிழமை சாயங்காலம் மூணு நட்சத்திரம் தெரிஞ்சதும், ஏலமோ கிராம்போ, கையில கிடைச்ச வாசனைச் சரக்கை மோந்து பாத்துட்டு, தனக்குப் போதும்னு வச்சுக்காம, பக்கத்துல இருக்கிறவங்க கைக்கு மாத்துறாங்க.