கல்லில் பதித்த சாவி

ஒரு கல், ஒரு சாவி, இரண்டு வாக்கு. இவற்றை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் கடற்கரை ஊரில் பாலஸ்தீன அகதிகளுக்காக ஒரு நினைவுக்கல் நிறுத்த முடிவு செய்தார்கள். விரட்டப்பட்டபோது வீட்டைப் பூட்டிச் சாவியோடு போன மக்கள் அவர்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தச் சாவிகளை வைத்திருக்கிறார்கள். அதனால் கல்லில் ஒரு சாவி பதிக்க வேண்டும் என்றார் நினைவுக்கல் குழுவின் செயலாளர் ஜபருல்லா.

கல்லைக் குவாரி முதலாளி இரத்தினவேலு கொடுத்தார். உபயம் என்று தன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றார். கோயில் டியூப்லைட்டில் அவர் பெயரை எழுதி எழுதியே வெளிச்சம் வராமல் போனது ஊருக்கே தெரியும். ஜபருல்லா சரி என்றார்.

சாவியைக் கொடுத்தவள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் புஷ்பமலர். மன்னாரில் அவள் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி அது. வீட்டை இடித்து, நிலத்தை யாரோ வேலி போட்டு எடுத்துக்கொண்டார்கள். சாவியை அவர்கள் ஊரில் திறப்பு என்பார்கள். கழுத்துக் கயிற்றிலிருந்து அதை அவிழ்க்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவையளும் எங்களைப் போலத்தான், அண்ணை. திறப்பு இருக்கு, கதவு இல்லை. தாறன். ஆனா உயிரோட இருக்கிற ஒருத்தரின்ர பேரும் இதில வரக்கூடாது.”

அதற்கும் ஜபருல்லா சரி என்றார். பிறகு பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

விழாவில் கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். பாலஸ்தீனம் என்ற எழுத்து விரல் அளவு. உபயம் இரத்தினவேலு என்பது உள்ளங்கை அளவு. வெட்கமில்லாமல் கூட்டம் கைதட்டியது.

புஷ்பமலர் எழுந்தாள். கல்வேலை செய்த அற்புதராஜிடம் போய்க் கையை நீட்டினாள். சாவியைப் பதித்த சிமென்ட் இன்னும் இறுகவில்லை. அவன் சாவியை நெம்பி எடுத்துக் கொடுத்தான்.

இரத்தினவேலு மைக்கிலேயே கேட்டார். “குடுத்த பொருளத் திருப்பிப் புடுங்குறது என்ன பழக்கம்மா? அது இப்ப ஊர்ச் சொத்து.”

“என்ர வீட்டை எடுத்தவனும் இப்பிடித்தான் சொன்னவன், ஐயா. இனி இது உன்ர இல்லை எண்டு.”

மறுநாள் ஜபருல்லா இரும்புக் கடையில் ஒரு பழைய சாவி வாங்கி வந்தார். பார்க்கிறவர்களுக்கு எந்தச் சாவியானால் என்ன, கல் நின்றால் போதும் என்றார். அற்புதராஜ் அதைப் பதிக்க மறுத்துவிட்டான். சாவி வடிவத்தில் அந்தக் குழி அப்படியே இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். பேசி வைத்தபடி பெயரைப் பொறித்துக்கொண்ட இரத்தினவேலு, கல்லைக் காப்பாற்றப் பார்த்த ஜபருல்லா, கொடுத்ததைத் திரும்ப எடுத்த புஷ்பமலர். இதில் யார் செய்தது சரி?

விடை: புஷ்பமலர் செய்ததுதான். இரத்தினவேலு கேட்டது அற்பம். ஆனாலும் மறைக்காமல் கேட்டார். மலையில் ஒரு கல் குறைந்தது, அவ்வளவுதான் அவர் கொடுத்தது. ஜபருல்லா இரண்டு பேருக்கும் தலையாட்டியதோடு நிற்கவில்லை. எந்த வீட்டையும் இழக்காத ஒரு சாவியைக் காட்டி ஊரையே ஏமாற்றப் பார்த்தார். புஷ்பமலருக்குத் தந்த வாக்கு உடைந்த அந்த நொடியே சாவி மறுபடி அவளுடையதாகிவிட்டது. பறித்தவர்களை எதிர்த்து நிறுத்திய கல்லில், ஒருத்தியிடம் பறித்த சாவி எப்படி இருக்கும்? இன்றைக்கும் அந்தப் பக்கம் போகிறவர்கள் பெயரைப் படிப்பதில்லை. குழியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.