முள்ளம்பன்றியைப் பார்த்துக் கீரி போட்ட சோலார்

கரடிப்பாறைக் காட்டில் செங்கோடன் என்ற கீரியும் அதன் மனைவி பவளாயியும் புது வீடு கட்டிக்கொண்டிருந்தன. பவளாயி மாசமாக இருந்தது. பிரசவம் பார்க்கும் நாரை வைத்தியச்சி இருந்ததோ மலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில். வலி எடுத்த பிறகு மலைப்பாதையில் நடக்கவா முடியும்? அதனால் வீட்டோடு சேர்த்து ஒரு மின்சாரக் காரும் வாங்கிவிடுவது என்று இரண்டும் முடிவு செய்தன.

அந்தக் காட்டில் கரண்டுக் கம்பம் கிடையாது. கூரையில் சோலார் பலகை போட்டு, வெயிலில் வருகிற கரண்டைக் காரில் ஏற்றினால்தான் உண்டு. அப்படிக் கார் வைத்திருந்தது பக்கத்து வீட்டு முள்ளம்பன்றி ஈட்டியப்பன் மட்டும்தான். அதன் கார் சார்ஜ் தீர்ந்து ஒரு நாளும் நின்றதில்லை.

செங்கோடன் யோசிக்கவே இல்லை. யோசிப்பது அதற்குப் பிடிக்காத வேலை. நேரே குரங்கு மேஸ்திரியிடம் போய் நின்றது.

"மேஸ்திரி! ஈட்டியப்பன் அண்ணன் வீட்டுல எத்தனை பலகை இருக்கோ, அத்தனை பலகை எனக்கும் வேணும். அதே கார், அதே சார்ஜர். ஒரு ஆணி மாறக் கூடாது!"

"அவ்வளவுதானே? கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சிடலாம்!" என்றது குரங்கு. அது எந்த வேலையையும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்யும்.

பவளாயி குறுக்கே வந்தது.

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க! நீங்க விடிஞ்சதும் ஈச்சம்பழக் கூடையை ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போறீங்க. பொழுது சாஞ்சாத்தான் வீட்டுக்கு வர்றீங்க. வெயில் அடிக்கிற நேரத்துல காரு வீட்டுலயே இருக்காதே! அப்புறம் எப்பத்தான் சார்ஜ் ஏத்துறது?"

"அதுக்கு?"

"சந்தையில நம்ம கொட்டகை இருக்குல்ல? காரு பகல் பூரா அங்கதான் நிக்கப்போகுது. பாதிப் பலகையைக் கொட்டகை மேல போடுங்க. இல்லேன்னா பகல்ல வர்ற கரண்டைச் சேர்த்து வைக்கிற பெரிய பேட்டரி ஒண்ணு வீட்டுல வைங்க."

"ஈட்டியப்பன் அண்ணன் பேட்டரி வெச்சிருக்காரா? கொட்டகை மேல பலகை போட்டிருக்காரா? இல்லையே! அண்ணனைவிட நீ பெரிய ஆளா?"

"புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு!"

"புலியும் வேணாம், பூனையும் வேணாம். வீட்டு மேல பளபளன்னு பலகை இருந்தாத்தான் போறவன் வர்றவன் எல்லாம் வாயைப் பிளப்பான். கொட்டகை மேல போட்டா எவன் பார்க்கிறான்?"

பார்த்தீர்களா, விஷயம் எங்கே போய் நிற்கிறது என்று! காருக்குக் கரண்டு வேண்டும் என்பதைவிட, காக்காயும் குருவியும் வாயைப் பிளக்க வேண்டும் என்பது அதற்குப் பெரிதாகப் போய்விட்டது.

பால் காய்ச்சிக் குடி வந்தன. காரும் வந்தது. மலை ஏறி இறங்கிச் சந்தைக்கு ஜம்மென்று ஓடியது. செங்கோடன் மீசையை முறுக்கியது.

"பார்த்தியா பவளாயி! என்னமோ ஏறாது, ஏறாதுன்னு சொன்னியே!"

"அது விக்கிறவன் ஏத்திக் கொடுத்த சார்ஜுங்க. முதல்ல அது தீரட்டும். அப்புறம் மீசையை முறுக்கலாம்."

அது சீக்கிரமே தீர்ந்தது. ஒருநாள் செங்கோடன் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு, சந்தைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றியது. கூடையில் இருந்த பழமெல்லாம் அழுகியது. மறுபடி சந்தைக்குப் போனது, மறுபடி சார்ஜ் இறங்கியது. தப்பை ஒப்புக்கொண்டதா? மூச்! "வானம் மேகமா இருக்கு, அதான்" என்றது. வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டு அளவுக்குக்கூட மேகம் இல்லை.

ஒருநாள் சாயங்காலம். சூரியன் கரடிப்பாறைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. செங்கோடனின் கார் முக்கி முனகி வாசலுக்கு வந்து, அங்கேயே படுத்துவிட்டது. உள்ளே பவளாயிக்கு வலி எடுத்துவிட்டது.

செங்கோடன் சார்ஜரைச் செருகியது. பிடுங்கியது. மறுபடி செருகியது. "ஏறுடா! உனக்குப் புண்ணியமாப் போகும், ஏறுடா!" என்று கெஞ்சியது. பலகை இருட்டைப் பார்த்துச் சும்மா கிடந்தது. பவளாயிக்கும் குட்டிகளுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அது யார் முகத்தில் விழிக்கும்?

வலியிலும் பவளாயிக்குப் புத்தி தெளிவாக இருந்தது.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? அதை விட்டுட்டு ஓடுங்க, ஈட்டியப்பன் அண்ணனைக் கூப்பிடுங்க! இப்பத்தான் எழுந்திருப்பாரு. அவர் காரு முழு சார்ஜோட நிக்கும்."

அப்படியேதான் நின்றது. கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்த முள்ளம்பன்றி, விஷயம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தது. மலைப்பாதையில் எங்கும் நிறுத்தவில்லை. ஏரிக்கரை வந்ததும் நாரை வைத்தியச்சி பவளாயியை உள்ளே கூட்டிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் கீச்சுக் கீச்சு என்று சத்தம் கேட்டது. நாரை வெளியே வந்தது.

"மூணு குட்டி. எல்லாம் சௌக்கியம். ஆனா கடைசிக் குட்டி குறுக்கே திரும்பிக் கிடந்துச்சு. இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா அதை நீ பார்த்திருக்க முடியாது!"

செங்கோடன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டது. அழுகைக்கு நடுவிலும் அதன் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே! அந்தக் குரங்குப் பய என்னை ஏமாத்திட்டான். உங்களுக்கு நல்ல பலகையைப் போட்டுட்டு, எனக்கு ஓட்டைப் பலகையைத் தள்ளிட்டான்!"

ஈட்டியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முள்ளெல்லாம் விறைத்தது.

"அடேய்! பலகை ரெண்டும் ஒண்ணுதாண்டா. நான் ராத்திரியில கிழங்கு தோண்டப் போறவன். பகல்ல நான் வீட்டுல தூங்குறேன், என் காரும் வீட்டுல நின்னு வெயில் குடிக்குது. நீ பகல் முழுக்கச் சுத்துறவன். என் கூரையை எட்டி எட்டிப் பார்த்தியே, என் பொழைப்பைப் பார்த்தியா? உன் பொழைப்பையாவது பார்த்தியா?"

"அட, இதைத்தானே அவ அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா!" என்றது செங்கோடன். எழுந்து உள்ளே போனது.

"பவளாயி, நான் ஒரு மடையன்."

"அது தெரிஞ்ச கதைதானேங்க. கொட்டகைக்கு எப்ப மேஸ்திரியை அனுப்புறீங்க?" என்றது பவளாயி, கடைசிக் குட்டியை நக்கிக்கொடுத்தபடி.

பாதிப் பலகை வீட்டிலிருந்து இறங்கிச் சந்தைக் கொட்டகை மேல் ஏறியது. அதன் பிறகு செங்கோடன் பழம் விற்கும் நேரமெல்லாம் கார் பக்கத்தில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டது. சாயங்காலம் தெம்பாக வீடு திரும்பியது. கூரையில் பாதிதான் பளபளத்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. செங்கோடன் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

ஒருநாள் வௌவால் ஒன்று கொட்டகைக்கு வந்தது.

"அண்ணே! உங்க சோலார் பிரமாதம். எனக்கும் இதே மாதிரி சந்தையிலேயே போடணும். ஒரு ஆணி மாறக் கூடாது!"

"கண்ணை மூடிக்கிட்டு..." என்று கூடவே வந்திருந்த குரங்கு மேஸ்திரி ஆரம்பித்தது.

"நீ முதல்ல கண்ணைத் திற!" என்று அதட்டியது செங்கோடன். பிறகு வௌவாலைப் பார்த்துக் கேட்டது: "தம்பி, வெயில் நேரத்துல நீயும் உன் காரும் எங்கே இருப்பீங்க?"

"நான் ஆலமரத்துல தலைகீழாத் தொங்குவேன். காரு மரத்தடியில நிக்கும்."

"அப்ப உனக்குச் சந்தையில என்ன வேலை? ஆலமரத்துக்குப் பக்கத்துல நிழல் படாத இடமாப் பார்த்துப் போடு, போ!"

அடுத்த வீட்டுக் கூரையைப் பார்த்துத் திட்டம் போடாதே. உன் பிழைப்பைப் பார்த்துத் திட்டம் போடு.