யானைக் கொட்டடிக் குப்பை

ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம். எல்லாம் இருந்துச்சு அவனுக்கு, நம்பிக்கைதான் இல்ல. பால் கொண்டாந்தா தண்ணி கலந்திருக்கோன்னு பார்ப்பான், யாராவது சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறான்னு யோசிப்பான்.

அந்த அரண்மனையில குப்பை அள்ளுறவ பேரு சிலம்பாயி. அடுப்புச் சாம்பல், காய்த்தோலு, வாடின பூமாலை எல்லாத்தையும் கூடையில அள்ளிக்கிட்டுப் போயிருவா.

ஒருநாள் அரண்மனையில நெய்ச்சட்டி ஒண்ணு காணாமப் போச்சு. மறுவாரம் இன்னொண்ணு. அப்போ நெய், அரிசியெல்லாம் வைக்கிற உக்கிராண அறையைக் காக்குற செங்கோடன் வந்து ராஜா காதுல சொன்னான், "மகாராஜா, தினம் கூடை நிறையச் சுமந்துகிட்டு வாசலைத் தாண்டுறது ஒருத்திதான்."

ராஜாவுக்கு அது போதாதா? மொத நாள் கூடைக்குள்ள கைய விட்டுப் பார்த்தான், சாம்பல். ரெண்டாம் நாள் விட்டுப் பார்த்தான், வாழைத்தோலு. மூணாம் நாள் விட்டுப் பார்த்தான், அழுகின கீரை. கையெல்லாம் நாறுனதுதான் மிச்சம்.

"இதுல உனக்கு என்ன லாபம்?"ன்னு கேட்டான்.

"சாம்பலைத் துணி வெளுக்கிறவங்க வீட்டுக்குக் குடுத்தா என் சேலையை வெளுத்துத் தருவாங்க மகாராசா. தோலைப் போட்டா மாட்டுக்காரங்க ஒரு செம்பு மோரு ஊத்துவாங்க. மிச்சத்தை மக்கவச்சு என் பூசணிக்கொடிக்குப் போடுவேன். அந்தப் பூசணிக்காதான் உங்க சமையக்கட்டுக்கு வருது."

நல்லவளாச்சேன்னு நெனச்சானா? இல்லியே. நான் தூக்கிப் போட்ட தோலு எனக்கே காயா வருதா, இதுல என்னமோ சூது இருக்குன்னு அன்னைக்குப் பூசணிக் கூட்டையே தொடல.

செங்கோடன் யோசனை சொன்னான். "குப்பை வெளியவே போக வேண்டாம் மகாராஜா. யானைக் கொட்டடி சும்மாதானே கெடக்கு, அதுல கொட்டிப் பூட்டுவோம். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

அப்படியே ஆச்சு. சிலம்பாயியை வாசலுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. குப்பை யானை உசரத்துக்கு ஏறுச்சு. கொட்டடி நெறஞ்சதும் கதவைச் சாத்தி, பின்பக்கம் ஒரு குழியில கொட்ட ஆரம்பிச்சாங்க. வெளிய மாட்டுக்குத் தோலு இல்லாம மோரு கொறஞ்சுச்சு, உரமில்லாம பூசணிக்கொடி சுருண்டுச்சு. ஆனா நெய்ச்சட்டி மட்டும் காணாமப் போயிக்கிட்டே இருந்துச்சு.

ராஜா வாசல்ல எல்லாரையும் சோதிக்கச் சொன்னான். சமையக்காரனைச் சந்தேகப்பட்டான், காவக்காரனைச் சந்தேகப்பட்டான், கட்டுன ராணியையே சந்தேகப்பட்டான். ராணி அவன்கூடப் பேசுறதையே விட்டுட்டா. கடைசியில, எல்லாம் அந்தக் குப்பைக்காரியோட வேலைதான்னு சிலம்பாயியை ஊரை விட்டே போகச் சொல்லிட்டான்.

சிலம்பாயி அழல. "போறேன் மகாராசா. அந்தக் கொட்டடியில மக்குனதுல ரெண்டு கூடை மட்டும் குடுங்க, போற ஊர்ல கொடி போடணும்"னா.

ராஜாவுக்குச் சுருக்குன்னுச்சு. ஊரை விட்டுப் போறவ பொன்னு கேக்கல, துணி கேக்கல, குப்பையைக் கேக்குறா. அப்போ அதுக்குள்ள என்னமோ இருக்கு. "கொட்டடியைத் தெற"ன்னான்.

செங்கோடன் சொன்னான், "நாத்தம் தாங்காது மகாராஜா." தெறன்னான் ராஜா. "பாம்பு கெடக்கும் மகாராஜா." தெறன்னான். "சாவியை எங்க வச்சேன்னே தெரியல மகாராஜா." ராஜா கதவை உடைக்கச் சொல்லிட்டான்.

கதவு விழுந்துச்சு, ஆவி குப்புன்னு வந்துச்சு. உள்ள பார்த்தா, யானை உசரம் இருந்த குப்பை முழங்கால் உசரத்துக்கு இறங்கிக் கெடக்கு. அதுல ஏழு நெய்ச்சட்டி, குளத்துல கழுத்தளவு தண்ணியில நிக்கிற ஆளுங்க மாதிரி தலையை நீட்டிக்கிட்டு நிக்குது.

"குப்பை எங்க போச்சு?"ன்னான் ராஜா.

"எங்கயும் போகல மகாராசா. மக்க மக்க உட்காரும், சூடாகி மண்ணாப் போயிரும். சட்டி மக்காதே"ன்னா சிலம்பாயி.

செங்கோடனுக்கு இது தெரியாது பாருங்க. குப்பை எப்பவும் அப்படியே நிக்கும், சோதனை ஓஞ்சதும் உள்ள ஒளிச்சுவச்ச சட்டியைக் கடத்திரலாம்னு இருந்திருக்கான். சாவி இருந்ததும் அவன் ஒருத்தன்கிட்டதான். ராஜா வேற யாரையும் கேக்கல.

கூடை செங்கோடன் தலைக்கு வந்துச்சு. வெளுக்கிற வீடு, மாட்டுத் தொழுவம், பூசணித் தோட்டம்னு தினமும் சுமந்தான். சிலம்பாயி ஊரை விட்டுப் போக வேண்டாம், அவ தோட்டத்துக்கு அரண்மனைக் குப்பை மக்குன மண்ணு எப்பவும் போகணும்னு ராஜா சொல்லிட்டான். அவகிட்ட மன்னிப்புக் கேக்க மட்டும் அவனுக்கு வாய் வரல, அவளும் எதிர்பார்க்கல. ராணி அவன்கூடப் பேச இன்னும் ஒரு மாசம் ஆச்சாம்.

அவங்க பூசணிக்கா காய்ச்சுது, நம்ம கதையும் காய்ச்சுது, கண்ணை மூடுங்க.