கடைசிப் பயணியின் மூக்கு

குரு என்றால் தாடி இருக்கும் என்றுதான் நஞ்சப்பன் நினைத்திருந்தார். கோத்தகிரியில் அவருக்கு வாய்த்த குருவுக்கு வயது முப்பத்தெட்டு, பெயர் மெஹருன்னிசா, தொழில் கால்நடை வைத்தியம். தாடி சீடருக்குத்தான் இருந்தது. சீடருக்கு அறுபது வயது.

டாக்டரம்மாவின் வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஓர் ஓட்டுக் கொட்டகை. அதில் பதினோரு முயல்கள். எல்லாம், 'சளி விடவே மாட்டேங்குது' என்று வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவை. போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. டாக்டரம்மாவும் அவர்களைக் கூப்பிடுவதில்லை. அதிகம் பேசாத மனுஷி. எந்த மூலையில் தும்மல் கேட்டாலும், தும்மியது யார் என்று தலை நிமிராமல் பெயர் சொல்லுவார்.

அங்கே ஒரு காலையில் நஞ்சப்பன் பழக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். கூடைக்குள் கேழ்வரகு நிறத்தில் ஒரு முயல். மூக்கோரம் பிசுபிசுவென்று ஈரம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா ஏறி இறங்க, உள்ளே கொர்கொர் என்று சத்தம்.

"பேரு?"

"நஞ்சப்பனுங்க."

"உங்க பேரு இல்லண்ணா."

"ஓ... கேப்பைங்க."

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசமாச்சுங்க. ரெண்டு டாக்டருகிட்ட காட்டியாச்சு. ஊசி போட்டா பத்து நாள் நிக்குது, மறுபடி ஆரம்பிச்சுக்குது. இனிமே தேறாது, ஊசி போட்டுத் தூங்க வெச்சுரலாம்னு ஒருத்தரு சொல்லிப்போட்டாரு. மூணு நாளா ஒரு வாய் திங்கலீங்க."

டாக்டரம்மா முயலைத் தூக்கி, காதை அதன் முதுகில் வைத்துக் கேட்டார். பல்லைப் பார்த்தார். கண்ணோரத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"இது போனாத்தான் என்ன? சந்தையில முயலா இல்லை?"

நஞ்சப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளும் பொழுதும் மலைப்பாதையில் வளைந்து வளைந்து பொறுமை பழகின மனுஷர். இருந்தும் வந்தது.

"மேட்டுப்பாளையத்துக்கும் இந்த ஊருக்கும் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவனுங்க நான். ரிட்டயர் ஆகுற அன்னைக்குக் கடைசி டிரிப்பு. எல்லாரும் இறங்கின பொறகு பார்த்தா, பின் சீட்டுல இந்தக் கூடை. ரெண்டு மாசம் விசாரிச்சோம். யாரும் வரலை. என் வண்டியில ஏறின ஒருத்தரையும் நான் நடுவழியில இறக்கி விட்டதில்லீங்க. இது என் கடைசிப் பயணி. இதை ஊர் கொண்டுபோய்ச் சேக்காம விட மாட்டேன்."

டாக்டரம்மா சளிக்கு ஊசி போட்டார். அரைத்த புல்லைக் கரைத்து, ஊசியில்லாத குழாயால் வாயோரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கேப்பை முழுங்கியது. நஞ்சப்பனும் கூடவே எச்சில் முழுங்கினார்.

"டாக்டரம்மா, ஒரு மண்டலம் மருந்து எடுத்தா எந்த நோயும் தீரும்னு சொல்லுவாங்க. நாப்பத்தெட்டு நாள்ல இது தீந்துருமுங்களா?"

"நாப்பத்தெட்டு நாள் இங்க வாங்க. புல்லு உதற ஆள் வேணும்."

அது பதிலா, வேலைக்கு ஆள் பிடிப்பதா என்று நஞ்சப்பனுக்கு விளங்கவில்லை. மனைவி திருப்பூரில் மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்தாள், வீட்டில் கேட்பாரில்லை. சரி என்று தலையாட்டினார். இப்படித்தான் அவர் சீடரானார்.

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றார் டாக்டரம்மா.

நஞ்சப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வீட்டைக் கழுவித் துடைத்தார். அவர் குடியிருந்த அரவேணுவுக்கு டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது வாசலிலேயே மணத்தது.

"குழந்தை மாதிரித்தான் பாத்துக்கறனுங்க" என்று உள்ளே கூட்டிப்போனார்.

சமையலறை மூலையில் கூண்டு. மலைக்குளிர் படக்கூடாதென்று நாலு பக்கமும் கம்பளி சுற்றியிருந்தது. உள்ளே மெத்தென்று மரத்தூள்.

"இதை எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க?"

"வாரம் ஒருக்காங்க. அடிக்கடி மாத்தினா சூடு போயிருமே. மூக்கு அடைக்காம இருக்கக் கம்பளியில தைலம் தடவிருக்கேன். காலையும் சாயங்காலமும் சாம்பிராணி. என் மகளுக்கு மூணு வயசு வரைக்கும் தலைக்கு ஊத்தினா சாம்பிராணி போடாம விட்டதில்லீங்க. ஒரு சளி அண்டினதில்லை." டாக்டரம்மா வருகிறாரே என்று அன்றைக்கு ஒரு பிடி கூடுதலாகவே போட்டிருந்தார். தூபக்கால் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. கேப்பையைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வெயிலில் விட்டுவிட்டு வந்தார்.

"இப்ப நீங்க படுங்கண்ணா."

"எங்கீங்க?"

"அது படுத்த இடத்துல. தலை மட்டும் உள்ள போனா போதும்."

விளையாட்டோ என்று பார்த்தார். டாக்டரம்மாவின் முகத்தில் விளையாட்டு இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து, கூண்டின் வாய்க்குள் தலையை நுழைத்தார். டாக்டரம்மா கம்பளியை இறக்கி விட்டார்.

"வாயைத் திறக்கக் கூடாது. மூக்கால மட்டும்தான்."

"எவ்வளவு நேரமுங்க?"

"கேப்பை இருந்த நேரம்."

உள்ளே இருட்டு. முதல் மூச்சிலேயே மூத்திர நெடி உச்சந்தலையில் ஏறியது. இரண்டாம் மூச்சில் தைலம் எரிந்தது. மூன்றாவதில் சாம்பிராணிப் புகையும் மரத்தூளும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தன. நஞ்சப்பன் வைராக்கியக்காரர். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். முப்பது வரைக்கும் போனார். நாற்பதில் வாய் தானாகப் பிளந்துகொண்டது. இருமிக்கொண்டே தலையை வெளியே இழுத்தார். கண் இரண்டிலும் நீர் கொட்டியது.

"வாயைத் திறந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

"முடியலீங்க."

"முயலுக்கு அந்த வழி இல்லைண்ணா. மூச்சுக்கு மூக்கு ஒண்ணுதான்."

நஞ்சப்பன் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு மாதம். பாசத்தோடு, வேளை தவறாமல், தன் கையாலேயே செய்திருக்கிறார். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது அவருக்கு.

"சளி நான் வர வெச்சதுங்களா?"

"இல்லை. அது உடம்புக்குள்ள முன்னாடியே இருந்த கிருமி. ஆற விடாமப் பண்ணினது நீங்க."

அவர் எழுந்தார். கம்பளியை ஒரே இழுப்பில் உருவினார். மரத்தூளை வாரிக் குப்பைக்குழியில் கொட்டினார். கூண்டைக் காற்று நேராக அடிக்காத ஜன்னலோரம் மாற்றி வைத்தார். தூபக்காலை எதிர்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"சாமிக்குப் போடுங்க. எங்க வீட்டுச் சாமிக்கு ஒத்துக்கலை."

அன்றைக்கே கொட்டகைக் கதவில் சாக்பீஸால் முதல் கோட்டைப் போட்டார்.

குருகுலம் நடந்தது. காய்ந்த புல்லை முற்றத்தில் வைத்து, தூசி போகும்வரை உதறவேண்டும். நனைந்த விரிப்பைக் காலையும் மாலையும் மாற்றவேண்டும். உப்புநீரைப் பனிபோல் ஊதும் சின்ன மெஷினைப் பெட்டியில் பொருத்தி, ஒவ்வொரு முயலாக உள்ளே வைத்து எடுக்கவேண்டும். வெந்நீரில் நனைத்த துணியால் மூக்கைத் துடைக்கவேண்டும். பதினோரு மூக்கு துடைத்து முடித்து, வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டாவது மூக்கையும் துடைக்கவேண்டும். வாரம் ஒருநாள் கேப்பையும் எடை பார்க்கக் கூடவே வரும்.

இரண்டாம் வாரம் நஞ்சப்பன் கூடையோடு ஓடி வந்தார்.

"காய்ஞ்சிருச்சுங்க! மூக்கைப் பாருங்க. பொட்டு ஈரம் இல்லை!"

டாக்டரம்மா மூக்கைப் பார்க்கவில்லை. கேப்பையின் முன்னங்காலைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்து முடி திரிதிரியாக ஒட்டிக் காய்ந்திருந்தது.

"யாரு துடைச்சது?"

"இன்னைக்கு இன்னும் நான் துடைக்கலீங்க."

"அதுவே துடைச்சுக்கிச்சு. சீக்குன்னு தெரிஞ்சா நரி பிடிச்சுரும்னு பயம். வீட்டுக்குள்ள நரி இல்லைன்னு அதுக்கு யாரு சொல்றது?"

அன்றிலிருந்து நஞ்சப்பன் மூக்கை நம்புவதை விட்டார். கோயிலில் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர் மாதிரி, ஒவ்வொரு காலையும் குனிந்து முன்னங்காலைத்தான் பார்ப்பார்.

இடையில் பெருமழை. வழியில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அன்றைக்கும் கதவில் கோடு விழுந்தது. குடையைத் தாண்டி நனைந்து, முழங்கால் வரை சேறாக வந்து நின்றவரை டாக்டரம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"நடந்தா வந்தீங்க?"

"இருபத்தெட்டு வருஷம் ஏறின பாதைதானுங்களே" என்றார். புல்லை உதறப் போனார்.

முப்பத்தொன்பதாம் நாளிலிருந்து கேப்பை தும்மவில்லை. முன்னங்கால் பஞ்சு போல இருந்தது. முள்ளங்கிக் கீரையைக் கண்டால் பின்னங்காலில் எழுந்து நின்று பிடுங்கித் தின்றது. சமையலறைக்கும் வாசலுக்கும் ஓடியது. நடுவில் காரணமே இல்லாமல் ஒரு துள்ளல். அதைப் பார்த்து அறுபது வயது மனுஷர் தனியாகச் சிரித்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை நஞ்சப்பன் தாடியை எடுத்தார். கேப்பைக்கு உடம்பு சுகமாகும்வரை கத்தி வைப்பதில்லை என்று வேண்டிக்கொண்டு வளர்த்த தாடி. பட்டுக்கரை வேட்டி கட்டி, தூக்குவாளி நிறையக் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு வந்தார். கதவில் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

"டாக்டரம்மா, வாயைத் திறங்க. இன்னைக்கு மண்டலம் முடியுது!"

கேப்பையை மேசையில் வைத்தார். அது சுற்றும் முற்றும் பார்த்தது. தும்மியது. மறுபடி தும்மியது. மூன்றாம் தும்மலில் மூக்கோரம் ஈரம் கசிந்தது. அவசரமாக முன்னங்காலால் துடைத்துக்கொண்டது.

நஞ்சப்பன் தூக்குவாளியை அப்படியே கீழே வைத்தார். சிரைத்த முகம் சின்னதாகத் தெரிந்தது.

"நான் எங்கீங்க தப்புப் பண்ணினேன்?"

"எங்கயும் இல்லை."

"ஒரு நாள் கூட விடலையே. மழையில கூட விடலையே."

"விடலை."

"அப்புறம் ஏனுங்க?" குரல் கொட்டகையில் மோதித் திரும்பியது. முயல்கள் காதைத் தூக்கின.

டாக்டரம்மா அவரைக் கடைசிக் கூண்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே சுல்தான். கொட்டகையிலேயே கிழவன், கொழுத்த வெள்ளை முயல். நாற்பத்தெட்டு நாளாக நஞ்சப்பன் துடைத்த மூக்குகளில் அதுவும் ஒன்று.

"இவனுக்கு வயசு என்ன?"

"ஒம்பதுன்னு சொன்னீங்க."

"சளி பிடிச்சது ரெண்டு வயசுல."

"தீந்தது எப்பங்க?"

சுல்தான் தும்மினான். காலால் மூக்கைத் துடைத்தான். ஒரு புல்லை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

நஞ்சப்பன் குனிந்து சுல்தானின் முன்னங்காலைப் பார்த்தார்.

"அப்ப இது தீராதுங்களா?"

"தீராது."

முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்கு டாக்டரம்மாவின் நேரான பதில் இப்போதுதான் வந்தது. நஞ்சப்பன் மேசைக்குத் திரும்பி வந்தார். கேப்பை அவர் வாசம் பிடித்து, மேசை விளிம்புவரை வந்து, பட்டுக்கரை வேட்டியில் ஈர மூக்கை வைத்தது.

"எந்த டிரிப்பா இருந்தாலும் ஒரு இடத்துல முடியுமுங்க. வண்டிய நிறுத்தி, எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, நானும் இறங்கிப் போயிருவேன். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். இதை நான் எங்க கொண்டுபோய் இறக்கறது டாக்டரம்மா?"

டாக்டரம்மா வெந்நீரில் துணியை நனைத்தார். பிழிந்தார். அவர் கையில் கொடுத்தார்.

"இறங்கணும்னு அது கேட்டுச்சாண்ணா?"